லேபில் எழுதிய கருவி உங்களோடு முடிந்துபோகாமல் இருக்க: ஆராய்ச்சி மென்பொருளைச் சமூகத்தின் கையில் ஒப்படைக்க ஒரு வழிகாட்டி

எங்கள் லேபில் ஒரு பைதான் கருவி இருந்தது. நிலத்தடி நீர்மட்டத் தரவைச் சுத்தம் செய்து, விட்டுப்போன மாதங்களைக் காட்டி, கிணறு வாரியாகப் படம் போட்டுத் தரும். எனக்கு முன்னால் பிஎச்டி முடித்துப் போன சீனியர் அக்கா எழுதியது. அவர் போய் இரண்டு வருடம் கழித்து புதுக் கணினி வாங்கி எல்லாவற்றையும் புதிதாக நிறுவினோம், கருவி ஓடவில்லை. நம்பை என்ற பைதான் கணிதத் தொகுப்பில் ‘ஃப்ளோட்’ என்ற பெயரே இல்லை என்று ஒற்றை வரிப் பிழை. நம்பை 1.20 பதிப்பிலேயே அந்தப் பழைய பெயரை விட்டுவிடச் சொல்லி எச்சரித்து, 1.24இல் எடுத்தே விட்டார்கள். எச்சரிக்கையைப் பார்க்க எங்கள் பக்கம் ஆள் இல்லை. திருத்துவது பத்து நிமிட வேலைதான், ஆனால் இதே கருவியை நம்பியிருந்த இன்னொரு லேபில் ஒரு மாணவி ஆறு மாதமாக எக்செலில் கையால் செய்துகொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அதுதான் என்னை உறுத்தியது.

அதன் பிறகு அந்தக் கருவியைச் சரியான முறையில் ஓப்பன் சோர்ஸாக்கி (யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் விட்டு), வேறு ஆட்களையும் சேர்த்து, டிஓஐ (மேற்கோள் காட்ட உதவும் நிரந்தர அடையாள எண்) வாங்கி, கட்டுரை வெளியிட்டு முடிக்க எனக்குப் பதினாலு மாதம் ஆனது. வரிசை தெரிந்திருந்தால் எட்டு மாதத்தில் முடித்திருக்கலாம். நான் ஆறாவது, ஏழாவது படிகளை முதலில் செய்யப் போய், ஒன்றாவது படிக்கே திரும்பி வந்தேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

செலவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட்ஹப் தளத்தில் பொது ரெப்போ (கோட் வைக்கும் இடம்), அதில் தானாக ஓடும் டெஸ்ட்கள், கையேடு வைக்கும் ரீட் த டாக்ஸ், மற்றவர்கள் தொகுப்பை எடுத்து நிறுவிக்கொள்ளும் பைபிஐ, காண்டா-ஃபோர்ஜ், டிஓஐ தரும் ஜெனோடோ, மென்பொருள் கட்டுரைகளுக்கான ஜாஸ் ஆய்விதழ், இவை எதற்கும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. தனி இணைய முகவரி வாங்கினால்தான் வருடாவருடம் பணம், அதை வாங்காதீர்கள், நீங்கள் போன பிறகு அதை யார் புதுப்பிப்பார்கள்? உண்மையான செலவு நேரம்தான். எனக்கு வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் போனது.

1. கோட் (நிரல்) யாருக்குச் சொந்தம்? எழுத்தில் வாங்குங்கள்

இதுதான் எல்லோரும் தாண்டிப் போகிற படி, இதில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவுப்படி, வேலையின் பகுதியாக ஒருவர் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். உதவித்தொகை வாங்கும் ஆய்வு மாணவர் இதில் வருவாரா என்பது நிறுவனத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையைப் பொறுத்தது. அந்தக் கொள்கை ஆவணம் பெரும்பாலும் இணையதளத்தில் எங்கேயோ ஒரு மூலையில் பிடிஎஃப்பாகக் கிடக்கும். தேடிப் படியுங்கள்.

சேர்க்க வேண்டிய காகிதங்கள் மூன்று. நெறியாளர் வழியாகத் துறைத் தலைவருக்குப் போகிற ஒரு பக்கக் கடிதம்: கருவியின் பெயர், எழுதியவர்கள், எந்தத் திட்ட நிதியில் எழுதப்பட்டது, எந்த உரிமத்தில் வெளியிடப் போகிறீர்கள், காப்புரிமை விண்ணப்பம் எதுவும் நிலுவையில் இல்லை என்ற உறுதி. அடுத்து அந்தத் திட்ட நிதியின் அனுமதி ஆணை நகல், அதில் மென்பொருள் பற்றி நிபந்தனை இருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்றாவது, கோட் எழுதிய ஒவ்வொருவரும் ‘இந்த உரிமத்தில் வெளியிடச் சம்மதம்’ என்று எழுதிய மின்னஞ்சல்.

அந்த மூன்றாவதில்தான் நான் தடுக்கி நின்றேன். அக்காவின் பழைய கல்லூரி மின்னஞ்சலை மூடியிருந்தார்கள். பழைய வாட்ஸப் குழு ஒன்றில் எண் கிடைத்து, தயங்கித் தயங்கி ஒரு செய்தி போட்டேன்: “அக்கா, உங்க கிணறு கருவியை ஓப்பன் சோர்ஸா வெளியிடலாமா?” இரவு பதினொரு மணிக்கு பதில் வந்தது. “அது இன்னும் ஓடுதா?” அதற்குக் கீழேயே இன்னொன்று, “தாராளமா. என்ன எழுதித் தரணும்னு சொல்லு.” மறுநாள் மின்னஞ்சலிலும் எழுதி வாங்கிக்கொண்டேன், வாட்ஸப் செய்தியைக் கோப்பில் வைக்க முடியாது.

நிறுவனத்தின் கடிதம் மேசையிலிருந்து மேசைக்குப் போய்க் கைக்கு வர பதினொரு வாரம். தாமதத்துக்குக் காரணம் எதிர்ப்பு இல்லை. இலவசமாகக் கொடுத்தால் நிறுவனத்துக்கு என்ன பயன் என்ற கேள்விக்குக் கடிதத்தில் பதில் இல்லாததுதான் காரணம். நீங்கள் அந்தப் பதிலையும் சேர்த்தே எழுதுங்கள்: மேற்கோள்கள் வரும், நிறுவனத்தின் பெயர் டிஓஐ பதிவில் நிற்கும், ஆண்டறிக்கையில் காட்டலாம். கையெழுத்துப் போட்டால் போதும் என்ற நிலையில் பதில் கடிதத்தின் வரைவையும் இணைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

2. உரிமம்

புதிதாக எதையும் எழுதாதீர்கள், இருப்பதில் ஒன்றை எடுங்கள். பைதான் அறிவியல் உலகில் நம்பை, சைபை, பாண்டாஸ், ஆஸ்ட்ரோபை என்ற தொகுப்புகள் எல்லாமே மூன்று நிபந்தனை பிஎஸ்டி உரிமத்தில் இருக்கின்றன, அதையே எடுத்தால் மற்ற கருவிகளோடு சேர்வதில் தொல்லை வராது. ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’, ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்று ஒரு வரி சேர்த்தீர்கள் என்றால் அது ஓப்பன் சோர்ஸே இல்லை, ஜாஸ் உங்களைத் திருப்பி அனுப்பிவிடும்.

கவனிக்க வேண்டிய பொறிகள்: எடுத்தாண்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்று சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் உள்ள கோடிலிருந்து ஒரு பகுதியை எடுத்து உள்ளே வைத்திருந்தால் மொத்தத்தையும் பிஎஸ்டியில் வெளியிட முடியாது. பாடப்புத்தகத்திலிருந்து தட்டச்சு செய்த நிரலுக்கும் பதிப்பாளரின் உரிமம் இருக்கும். அப்புறம், மாதிரித் தரவு. எங்கள் ரெப்போவில் ஒரு அரசுத் துறையிடம் கேட்டு வாங்கிய நிஜக் கிணற்றுத் தரவு கிடந்தது, அதை வெளியிட எங்களுக்கு அனுமதியே கிடையாது. அதை எடுத்துவிட்டு அதே வடிவத்தில் செயற்கைத் தரவு செய்து வைத்தோம். கோப்பை அழித்தால் மட்டும் போதாது, பழைய கமிட் வரலாற்றில் (சேமித்த மாற்றங்களின் பதிவில்) அது அப்படியே இருக்கும். பொதுவில் வைப்பதற்கு முன்பே வரலாற்றையும் சுத்தம் செய்யுங்கள்.

3. சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது

ரெப்போ உங்கள் சொந்தக் கணக்கில் இருந்தால் இப்போதே கிட்ஹப்பில் ஒரு அமைப்புக் கணக்கு தொடங்கி அங்கே மாற்றுங்கள். உரிமையாளர்களாகக் குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து. இந்த மாற்றத்தை ஜெனோடோ, பைபிஐ எல்லாவற்றுக்கும் முன்பே செய்துவிட்டால் பின்னால் ஒவ்வொன்றாக இணைப்பைத் திருத்தும் வேலை மிச்சம்.

மேட்பிளாட்லிப்பை உருவாக்கிய ஜான் ஹன்ட்டர் 2012இல் இறந்துபோனார். இன்று நீங்கள் போடும் வரைபடம் அதே மேட்பிளாட்லிப்பில்தான் வருகிறது. அவர் இருக்கும்போதே மெர்ஜ் செய்யவும் (மற்றவர் திருத்தத்தைக் கோடில் சேர்ப்பது) ரிலீஸ் போடவும் (புதிய பதிப்பை வெளியிடுவது) தெரிந்த வேறு ஆட்கள் அங்கே இருந்தார்கள். சின்னக் கருவிக்கும் அதுவே வேண்டும்.

ரெப்போவில் ‘சாவிகள்’ என்று ஒரு கோப்பு வைத்தேன். கடவுச்சொல் எதுவும் அதில் இல்லை. கிட்ஹப், பைபிஐ, காண்டா-ஃபோர்ஜ், ரீட் த டாக்ஸ், ஜெனோடோ என்று இடது பக்கம், ஒவ்வொன்றுக்கும் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று வலது பக்கம். எந்த வரியிலாவது ஒரே பெயர் இருந்தால் அன்றைக்கு அதுதான் முதல் வேலை.

4. அடுத்தவர் கணினியில் ஓட வேண்டும்

உங்கள் கணினியில் ஓடுவது கணக்கில் வராது. கருவியைப் பார்த்தே இராத ஒருவரை உட்கார வைத்து, ரெப்போவின் அறிமுகக் கோப்பான ரீட்மியில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து நிறுவச் சொல்லுங்கள், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். நான் பக்கத்து லேப் தம்பியை உட்கார வைத்தேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். தேவைப் பட்டியலில் சைபையைச் சேர்க்கவே இல்லை, எங்கள் கணினிகளில் அது ஏற்கனவே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அதைச் சரிசெய்த பிறகு, அக்காவின் ஹோம் ஃபோல்டர் முகவரி கோடுக்குள் அப்படியே எழுதப்பட்டிருந்தது தெரிய வந்தது.

டெஸ்ட் எழுதும்போது எல்லாவற்றுக்கும் எழுத வேண்டும் என்று மலைத்து நிற்காதீர்கள். கையால் கணக்குப் போட்டு விடை தெரிந்த நாலு சின்ன உதாரணங்களிலிருந்து தொடங்குங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் (ஒருவர் தன் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) அவை ஓடட்டும், அதோடு வாரம் ஒருமுறை யாரும் கோடில் கை வைக்காவிட்டாலும் தானாக ஓடும்படி வையுங்கள் (பொது ரெப்போவில் 60 நாள் எந்த அசைவும் இல்லையென்றால் கிட்ஹப் அதை நிறுத்திவிடும், மறுபடி இயக்க வேண்டும்). நம்பை போன்றவை மாறும்போது முதலில் அங்கேதான் தெரியும். எங்களுக்கு முன்பு இல்லாமல் போனது அந்த ஒன்றுதான்.

எந்தப் பைதான் பதிப்புவரை ஆதரிப்பது என்று குழம்பாதீர்கள். சயின்டிஃபிக் பைதான் சமூகம் ‘ஸ்பெக் 0’ என்று ஒரு பொது விதி வைத்திருக்கிறது: ஒரு பைதான் பதிப்பு வெளியாகி மூன்று வருடம், நம்பை போன்ற அடிப்படைத் தொகுப்புகள் என்றால் இரண்டு வருடம், அதற்கு மேல் பழையதை விட்டுவிடலாம். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது பழைய பதிப்புக்கு ஆதரவு கேட்டால் காட்டுவதற்கு ஒரு காரணமும் கிடைக்கிறது.

5. பைபிஐ, காண்டா-ஃபோர்ஜ்

பைபிஐயில் பெயர் காலியாக இருக்கிறதா என்று முதல் படியில் கடிதம் எழுதும்போதே பாருங்கள், கடிதத்தில் ஒரு பெயர், வெளியீட்டில் ஒரு பெயர் என்றால் மறுபடி கேள்வி வரும். 2024 ஜனவரி முதல் எல்லாக் கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். அப்போது தரும் மீட்புக் குறியீடுகளை அதே போனில் மட்டும் சேமித்து வைக்காதீர்கள். ரிலீஸை உங்கள் கணினியிலிருந்து ஏற்றாமல் ‘டிரஸ்டட் பப்ளிஷிங்’ வழியாகக் கிட்ஹப்பிலிருந்தே போகச் செய்யுங்கள், அப்போது மெர்ஜ் அனுமதி உள்ள யாரும் ரிலீஸ் போடலாம், ரகசிய டோக்கன் யார் கையிலும் இருக்காது.

ஒரு கோப்பை ஏற்றிவிட்டால் அதை அழித்தாலும் அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. அதனால் முதலில் ஒத்திகைத் தளமான டெஸ்ட் பைபிஐயில் ஏற்றிப் பாருங்கள்.

காண்டா-ஃபோர்ஜில் நிறுவல் குறிப்பு எழுதி ஒரு புல் ரிக்வெஸ்ட் போட வேண்டும், தன்னார்வலர்கள் பார்த்து ஏற்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் பைபிஐயில் புதிய பதிப்பு போட்டதும் அங்கிருக்கும் பாட் என்ற தானியங்கி நிரல் தானாகவே புதுப்பிக்கும் ரிக்வெஸ்ட்டைத் திறந்துவிடும். பராமரிப்பாளர் பட்டியலில் இரண்டு பெயர் போடுங்கள்.

6. டிஓஐ

ஜெனோடோவை நடத்துவது ஐரோப்பாவின் செர்ன். கிட்ஹப் கணக்கோடு இணைத்து உங்கள் ரெப்போவுக்கு நேரே உள்ள பொத்தானைப் போட்டுவிட்டால் போதும், அடுத்த ரிலீஸிலிருந்து தானாகச் சேமித்து டிஓஐ தரும். அடுத்த ரிலீஸிலிருந்து மட்டும்தான். நான் ரிலீஸ் போட்டுவிட்டுப் பிறகு பொத்தானைப் போட்டு, டிஓஐ ஏன் வரவில்லை என்று இரண்டு நாள் தேடினேன்.

டிஓஐ இரண்டு வகையாக வரும். ஒன்று அந்தப் பதிப்புக்கு மட்டும், இன்னொன்று எல்லாப் பதிப்புக்கும் பொதுவானது. ரீட்மியில் பொதுவானதைப் போடுங்கள், ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் காட்டும்போது நீங்கள் ஓட்டிய பதிப்புக்கு உரியதைப் போடுங்கள். ரெப்போவில் சைட்டேஷன் கோப்பு ஒன்றும் வையுங்கள், கிட்ஹப் பக்கத்திலேயே மேற்கோள் பொத்தான் வந்துவிடும். எழுதிய எல்லோருடைய பெயரும் ஆர்கிட் எண்ணும் (ஆய்வாளருக்கான அடையாள எண்) அதில் இருக்கட்டும். அக்காவின் பெயரை முதலில் போட்டேன்.

7. ஜாஸ்

ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், சுருக்கமாக ஜாஸ், 2016இல் தொடங்கியது. ஆராய்ச்சி மென்பொருளுக்கென்றே உள்ள ஆய்விதழ். திறந்த அணுக்கம் (யாரும் இலவசமாகப் படிக்கலாம்) என்ற பெயரில் லட்ச ரூபாய்க்கு மேல் கேட்கும் இதழ்கள் இருக்கும்போது இங்கே எழுதுபவருக்கும் கட்டணம் இல்லை, படிப்பவருக்கும் இல்லை. கட்டுரை சிறியது, மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவில் எழுதி ரெப்போவிலேயே வைக்க வேண்டும். சொல் வரம்பையும் கேட்கும் தலைப்புகளையும் அனுப்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை வழிகாட்டுதலில் பார்த்துக்கொள்ளுங்கள், என்னைப் போல யாரோ எழுதிய பழைய குறிப்பை நம்ப வேண்டாம்.

மதிப்பாய்வு முழுக்கப் பொதுவில், கிட்ஹப் இஷ்யூவில் (பிழைகளையும் கேள்விகளையும் எழுதிப் பேசும் பக்கம்) நடக்கும். மதிப்பாய்வாளர்கள் கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல்: உரிமம் இருக்கிறதா, சொன்னபடி நிறுவ முடிகிறதா, யாருக்காக இந்தக் கருவி என்று எழுதியிருக்கிறதா, உதாரணம், டெஸ்ட், பங்களிக்க வருபவருக்கான வழிமுறை. ஒவ்வொரு பெட்டியாக டிக் விழும். மேலே சொன்ன ஆறு படிகளையும் ஒழுங்காகச் செய்திருந்தால் பாதிப் பெட்டிகள் முதல் நாளிலேயே விழுந்துவிடும். நேற்று வரை தனியாக வைத்திருந்து இன்று பொதுவில் போட்ட ரெப்போவை அனுப்பாதீர்கள், பல மாதம் வெளிப்படையாக வேலை நடந்த தடயம் இருக்கிறதா என்று ஆசிரியர்கள் பார்ப்பார்கள்.

காலம்: மாதக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பாய்வாளர்கள் தங்கள் சொந்த நேரத்தில் செய்கிறவர்கள், இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் பணிவாக ஒரு வரி கேட்கலாம். உங்கள் ஆய்வேட்டுச் சமர்ப்பிப்புக்கு இந்தக் கட்டுரை வேண்டுமென்றால் குறைந்தது ஆறு மாதம் முன்பே அனுப்புங்கள். ஏற்கப்படும் கட்டத்தில் புதிய ரிலீஸ் போட்டு ஜெனோடோவில் சேமிக்கச் சொல்வார்கள், அந்தப் பதிவின் தலைப்பும் ஆசிரியர் பட்டியலும் கட்டுரையில் உள்ளபடியே இருக்க வேண்டும். எனக்கு அங்கே ஒரு முதலெழுத்து வேறுபட்டிருந்தது, அதற்கே நாலு நாள்.

இன்னொரு வழியும் உண்டு. பைஓப்பன்சை என்ற சமூகம் பைதான் தொகுப்புகளை இதைவிட விரிவாக மதிப்பாய்வு செய்கிறது, அங்கே தேறிய பிறகு ஜாஸுக்கு அனுப்பினால் மறுபடி முழு மதிப்பாய்வு இருக்காது. ஆர் மொழியில் எழுதுபவர்களுக்கு ஆர்ஓப்பன்சை.

8. ஆட்கள்

கட்டுரை வந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிற இடத்தில்தான் பெரும்பாலான கருவிகள் நின்றுபோகின்றன. ஒருவர் மட்டும் பராமரித்தால் அவருக்குக் குழந்தை பிறந்தால், வேலை மாறினால், உடம்பு சரியில்லை என்றால், எல்லாம் நின்றுவிடும்.

எங்களுக்கு இரண்டாவது பராமரிப்பாளர் கிடைத்தது, முன்பு சொன்ன அந்த எக்செல் மாணவி வழியாக. ஒரு பிழையைப் பற்றி இஷ்யூ போட்டிருந்தார், நானே பத்து நிமிடத்தில் திருத்தியிருப்பேன். கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு, எந்தக் கோப்பில் எந்த வரியில் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதி, நீங்களே ஒரு புல் ரிக்வெஸ்ட் போடுகிறீர்களா என்று கேட்டேன். ஒன்பது நாள் ஆனது. நாலு முறை திருத்தினார். இன்று எங்கள் ரிலீஸ்களில் பாதியை அவர்தான் போடுகிறார்.

அதனால் சின்ன வேலைகளை நீங்களே முடித்துத் தீர்க்காதீர்கள், புதியவர்களுக்கென்று குறியிட்டு விட்டுவையுங்கள். முதல் புல் ரிக்வெஸ்ட்டுக்கு இரண்டு நாளுக்குள் ஒரு வரியாவது பதில் எழுதுங்கள், முழுதாகப் பார்க்க நேரமில்லை என்றால் எப்போது பார்ப்பேன் என்று சொல்லுங்கள். பதில் வராத ஆள் திரும்ப வருவதில்லை. டாக்குமென்டேஷனில் ஒரு எழுத்துப் பிழை திருத்தியவரையும் பங்களிப்பாளர் பட்டியலில் சேருங்கள்.

நிர்வாகக் கோப்பு ஒன்றும் வேண்டும், அரைப் பக்கம் போதும். யார் மெர்ஜ் செய்யலாம், எத்தனை பேர் பார்த்த பிறகு, புதிய பராமரிப்பாளரை எப்படிச் சேர்ப்பது, கருத்து வேறுபட்டால் யார் முடிவு, ஒரு வருடம் எதுவும் செய்யாதவரை மரியாதையோடு முன்னாள் பட்டியலுக்கு நகர்த்துவது எப்படி. சண்டை வருவதற்கு முன் எழுதினால் இது அரை மணி நேர வேலை.

9. பணம்

நம்பைக்கே 2017 வரை நேரடியான பெரிய நிதி கிடையாது, அந்த வருடம்தான் மூர் அறக்கட்டளை முதல்முதலாகக் கொடுத்தது. அதனால் பணம் வந்தால்தான் தொடங்குவேன் என்று உட்கார வேண்டாம், ஆனால் கேட்காமலும் இருக்க வேண்டாம்.

நம்ஃபோகஸ் 2012இலிருந்து அமெரிக்காவில் இயங்கும் லாபநோக்கற்ற அமைப்பு. நம்பை, பாண்டாஸ் போன்றவற்றுக்குப் பணம் வாங்கவும் கணக்கு வைக்கவும் அதுதான் சட்டப்படியான வீடு. சின்னக் கருவி எடுத்த எடுப்பில் அங்கே போக முடியாது, இணைப்புத் திட்டமாகச் சேர விண்ணப்பிக்கலாம். நிர்வாகக் கோப்பையும் நடத்தை விதிகளையும் கேட்பார்கள், எட்டாவது படியில் எழுதியது அங்கே உதவும். ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர்களுக்கு உதவித்தொகை தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோடில் தனியாக நுழைவதைவிட, நம்ஃபோகஸ் போன்ற குடை அமைப்பின் கீழ் ஒரு வேலையை முன்வைப்பது எளிது. அமைப்புகளின் விண்ணப்பம் வருடத் தொடக்கத்தில் வரும், டிசம்பரிலேயே யோசனைப் பட்டியல் தயாராக இருக்கட்டும். அந்த உதவித்தொகை வேலை செய்கிறவருக்குத்தான் போகும், வழிகாட்டுகிற உங்களுக்கு வாரம் சில மணி நேரம் போகும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரிலிருந்து ஜெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில் ‘ஃபிளாஸ் ஃபண்ட்’ தொடங்கியது. வருடத்துக்கு 10 லட்சம் டாலர், ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை என்று அறிவித்தார்கள். என்ன வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று ஃபண்டிங் ஜேசன் கோப்பு ஒன்றில் எழுதி ரெப்போவில் வைத்து அதன் முகவரியைக் கொடுக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் திட்டங்களுக்கானது, எங்கள் கருவி அந்த அளவு இல்லை என்பதால் நாங்கள் இன்னும் போடவில்லை. ஆனால் அந்தக் கோப்பை எழுதியது வீண் போகவில்லை, எதற்கு எவ்வளவு என்று அப்போதுதான் முதல்முறையாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து பணம் வருவதாக இருந்தால், அது யார் கணக்குக்கு வருகிறது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே தீர்த்துவிடுங்கள். அமைப்பு அல்லது அறக்கட்டளை என்றால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டியிருக்கும், நிறுவனம் என்றால் கணக்குப் பிரிவுக்கென்று தனி நடைமுறை இருக்கும். நண்பர்கள் சேர்ந்து அவசரமாக ஒரு டிரஸ்ட் தொடங்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், கணக்காளர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள்.

10. கை மாற்றும் நாள்

லேபை விட்டுப் போக மூன்று மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். எல்லாக் கணக்குகளிலும் கல்லூரி மின்னஞ்சலை எடுத்துவிட்டுச் சொந்த மின்னஞ்சலைப் போடுங்கள், அக்காவுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது. ஒரு முழு ரிலீஸை அடுத்தவர் போடட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள், அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்குமான பதிலையும் ரிலீஸ் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். அனுமதிக் கடிதத்தின் ஸ்கேன், சம்மத மின்னஞ்சல்கள், எல்லாம் ஒரு ஃபோல்டரில் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

லேபில் என் காலம் வருகிற ஜூனில் முடிகிறது. போன வாரம் சாவிகள் கோப்பைத் திறந்து பார்த்தேன், ரீட் த டாக்ஸ் வரியில் இன்னும் என் பெயர் மட்டும்தான் இருந்தது. அன்று மாலையே இரண்டாவது பெயரைச் சேர்த்தோம்.